வாய் அகன்ற பாட்டில்

பாப்பிரெட்டிப்பட்டி
12 மே 2024

கோகிலா அண்ணிக்கு,

ஜெயபிரியா எழுதுகிறேன். உங்கள் மாமியார் பெற்ற அதே ஜெயபிரியாதான். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசி வரை படியுங்கள். போனில் கூப்பிடலாம் என்றால் என் நம்பரை அண்ணன் பிளாக் செய்துவிட்டார். உங்கள் போனையும் தினம் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பார் என்று தெரியும். அதனால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ராமக்காளிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை நீங்கள் உங்கள் தையல் கடைக்கு லைனிங் துணி எடுக்க வருவதும், திரும்பும்போது அவரிடம் பூ வாங்குவதும் மாறியிருக்காது என்று ஒரு நம்பிக்கை.

விஷயம் இதுதான். நான் ஜாம் போட்டு விற்கிறேன். இப்போது மாம்பழம், ஆடியில் நாவல்பழம். பழம் மலிவாகவே கிடைக்கிறது, சர்க்கரையும் சமாளித்துவிடலாம், பாட்டில்தான் என் உயிரை எடுக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் சூடாக ஊற்றினால் நெளிந்துவிடுகிறது, ஆறவைத்து ஊற்றினால் பூஞ்சை பிடிக்கிறது. சேலத்தில் புது கண்ணாடி பாட்டில் கேட்டேன். மொத்தமாக எடுத்தால்தான் விலையே சொல்வார்களாம். சில்லறையாக வாங்கினால் உள்ளே போகிற ஜாமை விட பாட்டில் விலை அதிகம். காயலான் கடையில் கிடப்பதெல்லாம் பிராந்தி பாட்டில். அந்தக் கழுத்துக்குள் ஜாமும் போகாது, ஸ்பூனும் போகாது. அதில் விற்றுப் பார், வாங்குகிறவன் முதலில் மோந்து பார்ப்பான் என்று என் வீட்டுக்காரர் அருள்குமார் சிரிக்கிறார்.

எனக்கு வேண்டியது வாய் அகன்ற பாட்டில். அப்போதுதான் நம் ஊர்ப் பரண்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஊறுகாய் பாட்டில், காபித்தூள் பாட்டில், சத்துமாவு பாட்டில் எதையும் யாரும் தூக்கிப் போட்டதில்லை. "நாளைக்கு எதுக்காச்சும் ஆவும்" என்று கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். அது எனக்கு ஆகட்டும். வீடு வீடாகக் கேட்டு வாங்கித் தர உங்களால் முடியும். என்ன கொடுக்க வேண்டுமோ கொடுத்துவிடுகிறேன்.

என்மேல் உங்களுக்கு ஆத்திரம் இருக்கும். திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதி அதையும் பாட்டிலோடு பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

அம்மா எப்படி இருக்கிறார்கள்? ஒரு வரி போதும்.

ஜெயா

———

பாப்பாரப்பட்டி
22 மே 2024

ஜெயா,

நாலு வருடம். அண்ணி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை, பாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறாய். உனக்கு எப்போதும் காரியம்தான் பெரிது. என் தங்கைக்கு நிச்சயம் நடக்க இருந்த வாரம் பார்த்துத்தானே நீ ஓடிப்போனாய். "அந்த வூட்டுப் பொண்ணு காலனிப் பையனோட போயிட்டா" என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் இன்னும் எங்கள் அப்பா வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ போன பிறகு நடந்தது உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தோம். நான் தைத்துக் கொடுத்த உன் ஜாக்கெட்டுகளை எல்லாம் கிணற்றடியில் போட்டுக் கொளுத்தினார்கள். உன் அம்மா உட்கார்ந்து தலை முழுகினார்கள். குடம் தூக்கி ஊற்றியது யார் தெரியுமா? மருமகள். உன் கையால் பச்சைத் தண்ணீர்கூட இனிக் குடிப்பதில்லை என்று அத்தை மாரியம்மனுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். அன்றிலிருந்து உன் பெயர் இந்த வீட்டில் கிடையாது. டிவி சீரியலில் உன் பேர் கொண்ட ஒருத்தி வந்தாள், சேனலையே மாற்றிவிட்டார்கள். அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாயே, நன்றாக இருக்கிறார்கள்.

ராமக்காளிடம் கொடுத்த பெட்டியில் பாட்டில் வைத்திருக்கிறேன். பட்டனும் ஊக்கும் போட்டு வைக்கத் தையல் கடைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். இவ்வளவு பட்டன் யாருக்குத் தைக்கப் போகிறாய் என்று ஒருத்தி கேட்டாள். நல்ல மனதோடு தரவில்லை, சும்மா பரணில் கிடந்தது, எனக்கும் நாலு காசு வரட்டும் என்றுதான். என் பெயர் எங்கேயும் வெளியே வரக் கூடாது. வந்தால் உன் அண்ணன் என்னை என்ன செய்வார் என்று உனக்கே தெரியும்.

கோகிலா

———

பாப்பிரெட்டிப்பட்டி
2 ஜூன் 2024

அண்ணி,

திட்டினது எல்லாம் சேர்ந்தது, பாட்டிலும் சேர்ந்தது. ஒன்றுகூட உடையவில்லை. உங்கள் தங்கை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓடிப்போகாமல் இருந்திருப்பேனா என்றால், பொய் சொல்ல மாட்டேன், போயிருப்பேன். ஆனால் வாரத்தை மாற்றியிருப்பேன்.

பாட்டில்கள் அருமை. மூடிகள்தான் துரு. சேலத்தில் மூடி மட்டும் தனியாக, சில்லறையாகவே கிடைக்கிறது, இரண்டு அளவில். அதனால் இனி வாங்கும்போது வாய் அளவு பார்த்து வாங்குங்கள், உங்கள் வளையல் உள்ளே போகிற அளவு போதும். ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் வாடை போக சோடா மாவு போட்டு ஊறவைத்து, அண்டாவில் கொதிக்கவைத்து, வெயிலில் கவிழ்க்கிறோம். கழுவுவதெல்லாம் அருள்குமார். உங்க ஊரில் எனக்குத் தனி டம்ளர், இங்கே உங்க ஊர் பாட்டிலுக்கு நான் குளிப்பாட்டி விடறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றை ஓங்கி வைத்தார். நல்லவேளை கீறல் விழவில்லை.

இரண்டு பாட்டில் மாம்பழ ஜாம் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு. எலுமிச்சை விலைக்குப் பயந்து புளித் தண்ணீர்தான் விட்டேன், நான் எதில்தான் புளி விடாமல் இருந்திருக்கிறேன். அம்மா சாப்பிடுகிற இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைச் சும்மா திறந்து வையுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஜெயா

———

பாப்பாரப்பட்டி
19 ஜூன் 2024

ஜெயா,

உட்கார்ந்து படி. உன் அம்மா சாப்பிட்டார்கள்.

நீ சொன்ன மாதிரி திறந்து வைத்தேன். எதுடி இது என்று கேட்டார்கள். நான்தான் போட்டேன் அத்தை, யூடியூபில் பார்த்தேன் என்றேன். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்கள். அப்புறம் இன்னொரு இட்லி வை என்றார்கள். நான் அடுப்பு பக்கம் திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்த வாய், பாப்பிரெட்டிப்பட்டி காலனியில் கிண்டிய ஜாமை வழித்து நக்குகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை. நான் வைத்த குழம்பை ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்களா?

அதோடு முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது தெருவே கேட்கிறது. "கோகிலா கைப்பக்குவம்" என்கிறார்கள். நீ அனுப்பு, நான் விற்றுத் தருகிறேன், பாதிக்குப் பாதி. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து ரூபாய்க்குப் பாட்டிலைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து தருகிறார்கள். உனக்கு இனிப் பாட்டில் கவலையே இல்லை. ஆனால் எந்தப் பாட்டிலிலும் பேர் இருக்கக் கூடாது. இது என் ஜாம்.

கோகிலா

———

பாப்பிரெட்டிப்பட்டி
26 ஜூன் 2024

அண்ணி,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எந்த விரல்? இரண்டாவது இட்லிக்கும் அதையே தொட்டுக்கொண்டார்களா, சட்னியும் வைத்தீர்களா? முகம் எப்படி இருந்தது என்று எழுதவே இல்லையே. நீங்கள் சிரித்ததை எழுத இடம் இருந்தது, இதற்கு இல்லை.

பாதிக்குப் பாதிக்குச் சம்மதம். உங்கள் கைப்பக்குவமாகவே இருக்கட்டும். விற்கிற ஜாம் என் வயிற்றுப்பாட்டுக்கு. அம்மா சாப்பிடுகிற ஜாம் வேறு காரியத்துக்கு. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐந்து மாதம். அருள்குமாருக்கு அம்மா இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக எனக்கு ஆசையாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது, ஆனால் ஆசை. நான் ஊருக்குள் வரவேண்டாம், தர்மபுரியில் ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்கூடப் போதும். நீங்கள் மெதுவாக ஆரம்பித்துப் பாருங்கள். நாக்குக்குப் பிடித்துவிட்டது, மனதுக்கு எவ்வளவு தூரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயா

———

பாப்பாரப்பட்டி
10 ஜூலை 2024

ஜெயா,

சொன்னேன். நீயே கேட்டாய், அதனால் அப்படியே எழுதுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

மாலை வேளை, அத்தை நல்ல முகத்தோடுதான் இருந்தார்கள். தட்டில் சப்பாத்தி, பக்கத்தில் உன் ஜாம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து துணி தைக்க வந்த ஒருத்தி சொன்னாள் அத்தை, உங்கள் பொண்ணு முழுகாமல் இருக்கிறதாம் என்றேன். அவர்கள் சப்பாத்தியைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. "செத்தவளுக்கு எப்படிடி புள்ள பொறக்கும்?" என்றார்கள். சொல்லிவிட்டு, ஜாம் தீர்ந்து போச்சு, அடுத்த பாட்டில் எடு என்றார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

முகம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னாய் அல்லவா, சப்பாத்தி தின்கிற முகமாகத்தான் இருந்தது.

இனி இதை என்னிடம் கொண்டுவராதே. நான் உன் தூதுக்காரி இல்லை. ஆடியில் மாரியம்மன் பண்டிகை. ஊர் முழுக்க விருந்தாளிகள். நாவல்பழ ஜாம் வீட்டுக்கு ஒன்றாவது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெரியதனம் பார்க்கிற சின்னராஜ் அண்ணன் வீட்டில் மட்டும் மூன்று கேட்டிருக்கிறார்கள். உன்னைத் தலை முழுக வைக்க முன்னால் நின்றவரே அவர்தான், அவருக்கு நல்ல பாட்டிலாகப் பார்த்து அனுப்பு. தேவையான காலி பாட்டில் எல்லாம் இந்தப் பெட்டிகளில் இருக்கிறது.

கோகிலா

———

பாப்பிரெட்டிப்பட்டி
28 ஜூலை 2024

அண்ணி,

நீங்கள் கேட்டபடி அனுப்பியிருக்கிறேன். நாவல்பழம் இந்த முறை நல்ல கருப்பாக வந்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபுறம் தெரியாது. அடியில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும், அது பாட்டில் மேசையில் வழுக்காமல் இருக்க. பிய்க்க வேண்டாம்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதியதற்கு நன்றி. ஒரு வார்த்தையைக் குறைத்து எழுதியிருந்தாலும் நான் இன்னும் ஆசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பண்டிகை நல்லபடியாக நடக்கட்டும். எல்லோரையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஜெயபிரியா

———

பாப்பாரப்பட்டி
28 ஆகஸ்ட் 2024

அடியே ஜெயா,

நீ நாசமாய்ப் போக. இதை எழுத உட்கார எனக்கு இத்தனை நாள் ஆயிற்று, கை அவ்வளவு வீங்கியிருந்தது. ஏன் வீங்கியது என்று எழுத மாட்டேன், உன் அண்ணனைக் கேள்.

வழுக்காமல் இருக்க வெள்ளைத்தாளாம். தாளின் எழுத்துப் பக்கத்தை மேலே பார்க்க ஒட்டியிருக்கிறாய். ஜாம் இருக்கிற வரை கருப்பு. வழித்துத் தின்று முடித்தால் கண்ணாடிக்கு அடியில் உன் பெயர் எழுந்து வருகிறது. "செய்தவர்: ஜெயபிரியா அருள்குமார், காலனித் தெரு, பாப்பிரெட்டிப்பட்டி." அச்சடித்து. இதை யோசிக்க உனக்கு எப்படி மனது வந்தது? எத்தனை நாள் உட்கார்ந்து ஒட்டினாய்?

சின்னராஜ் அண்ணன்தான் முதலில் படித்தார். பண்டிகைக்கு மறுநாள் காலை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால், சத்தமாக. அதன் பிறகு ஊரே பாட்டிலைக் கவிழ்த்து ஜாமைத் தட்டில் கொட்டி அடியைப் பார்த்தது. முன்பே படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்த வீடுகளும் இருந்தன, அது அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள்தான் கூட்டத்தில் அதிகம் கத்தினார்கள். பாட்டில்களை எல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் உடைத்தார்கள். பரணில் மிச்சம் இருந்த காலி பாட்டில்களையும் சேர்த்து உடைத்தார்கள், இனி ஒன்றுகூட உன் வீட்டுக்கு வரக் கூடாது என்று. எனக்குத் தைக்கக் கொடுத்த துணியை எல்லாம் வெட்டினது வெட்டினபடி வாங்கிப் போய்விட்டார்கள். நான் கூட்டத்தில் எல்லார் காலிலும் விழுந்து எழுந்தேன், உன் அண்ணன் அபராதம் கட்டினார்.

இப்போது உனக்கான செய்தி. சின்னராஜ் அண்ணன் வீட்டுச் சத்தம் கேட்டதுமே நான் வீட்டுக்கு ஓடினேன், அத்தை அடியைப் பார்ப்பதற்குள் பாட்டிலைப் பிடுங்கிவிடலாம் என்று. சமையலறையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார்கள். பிடுங்கினேன், விடவில்லை. "எதுக்குடி இழுக்கற? யாரு செஞ்சதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். ஜாமுக்குப் புளி ஊத்தறவ நம்ம ஊருல எத்தன பேரு இருக்கறாங்க?" என்றார்கள்.

அதே வாயால் அன்று மாலை கூட்டத்தில், மருமகள் என்னை ஏமாற்றிவிட்டாள், எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்று அழுதார்கள். ஊர் நம்பியது. மறுபடியும் தலை முழுகினார்கள். இந்த முறையும் குடம் என் கையில்தான். நீ ஊரைப் பழி வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பாய். அடி வாங்கியது நான் ஒருத்திதான்.

கோகிலா

———

பாப்பிரெட்டிப்பட்டி
8 செப்டம்பர் 2024

அண்ணி,

கை சரியாகிவிட்டதா? உங்கள் கடையை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. என் ஜாமை உங்கள் ஜாம் என்று சொல்லி விற்றபோது உங்களுக்கு வருத்தமாக இருந்ததா? அடுப்பு பக்கம் திரும்பிச் சிரித்ததை நீங்கள்தானே எழுதினீர்கள்.

நான் ஊருக்காக அச்சடிக்கவில்லை. அம்மா ஒருவர் படிக்க வேண்டும் என்றுதான். தன் பிள்ளை கையால் இத்தனை நாள் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லையே என்று அவர்களுக்கு ஒரு நிமிடம் தோன்றும் என்று நினைத்தேன். தெரியாமல்தான் அப்படிப் பேசினார்கள் என்று வைத்திருந்தேன் அண்ணி. தெரிந்துகொண்டே ஜாமை வாங்கி வாங்கித் தின்றுவிட்டு, அதே தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னைச் செத்தவள் என்று சொல்லியிருக்கிறார்கள். அருள்குமாரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஆறுதல் சொல்லுவார், எனக்கு அது வேண்டாம்.

பாட்டிலுக்கு இனி உங்கள் ஊர் தேவையில்லை. கடத்தூரில் கல்யாண மண்டபங்களுக்குச் சமைக்கிற ஒருவர் ஊறுகாய் பாட்டில்களைச் சாக்கு மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார், எடுத்துப் போனால் போதும் என்கிறார். எல்லாம் வாய் அகன்றவை. இப்போது பெயரை முன்பக்கத்திலேயே ஒட்டுகிறேன். ஓசூரில் ஒரு கடை வாங்கிக்கொள்கிறது.

ஜெயபிரியா

———

பாப்பாரப்பட்டி
16 அக்டோபர் 2024

ஜெயா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அத்தை சொல்லித்தான் எழுதுகிறேன்.

சோறு சரியாக இறங்குவதில்லை. எதை வைத்தாலும் வாய் கசக்கிறது என்கிறார்கள். நேற்று உன் அண்ணன் வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கருப்பு ஜாம் ஒன்றை எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறாயா என்றார்கள். எல்லாம் உடைத்தாயிற்று அத்தை என்றேன். அப்படியென்றால் ஒன்று வரவழை என்றார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, ஊர்க் கூட்டத்தில் என்னைக் காட்டிக் கொடுத்தவர்கள்தானே. அப்போ அவளையே வரச் சொல்லட்டுமா, கையோடு கொண்டுவருவாளே என்று கேட்டேன்.

"பாட்டிலு வரட்டும். அவ வர வேண்டாம்" என்றார்கள். பேர் ஒட்டாமல் அனுப்பச் சொன்னார்கள்.

அத்தை கேட்டதைச் சொல்லிவிட்டேன். அனுப்பினால் அனுப்பு, இல்லாவிட்டால் போ. உனக்கு மாதம் நெருங்கியிருக்கும். பக்கத்தில் பொம்பளை யாராவது இருக்கிறார்களா?

கோகிலா

———

பாப்பிரெட்டிப்பட்டி
17 நவம்பர் 2024

அண்ணி,

பக்கத்தில் யாரும் இல்லை. அருள்குமார் வெளியே நின்றார். வலி வந்தபோது எல்லோரும் கூப்பிடுகிற பேரைத்தான் நானும் கூப்பிட்டேன், என்னை அடக்க முடியவில்லை. உங்க அம்மா எங்கம்மா, வரச் சொல்லட்டுமா என்று நர்ஸ் கேட்டார். செத்துப் போய்ட்டாங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

குழந்தை பிறந்துவிட்டது. என்ன குழந்தை என்று உங்களுக்கு எழுத மாட்டேன். ராமக்காளுக்கு மட்டும் தெரியும்.

ராமக்காள் கடையில் ஒரு பாட்டில் நாவல்பழ ஜாம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு. பணம் வேண்டாம். அம்மா நேரில் வர வேண்டும். யார் செய்த ஜாம் வேண்டும் என்று ராமக்காள் கேட்பார். என் பெயரைச் சொன்னால் கொடுப்பார். ஒரு தடவை சொன்னால் போதும், மெதுவாகச் சொன்னாலும் போதும். என்ன குழந்தை என்று கேட்டால் அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு புதன்கிழமை கூட்டி வாருங்கள். உங்களுக்காகக் கேட்கவில்லை, எனக்காகவும் இல்லை. இந்தப் பிள்ளைக்குப் பாட்டி உண்டா இல்லையா என்று நான் ஒரு பதிலைச் சொல்லி வளர்க்க வேண்டும், அதற்காக.

ஜெயபிரியா

———

பாப்பாரப்பட்டி
27 நவம்பர் 2024

ஜெயா,

கூட்டிப் போனேன். கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று உன் அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு. அத்தை நல்ல புடவையாகத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள், அதைப் பார்த்து எனக்கே ஒரு நிமிடம் ஏதோ ஆகிவிட்டது. இன்று நடந்துவிடும் என்று நினைத்தேன்.

பூக்கடைக்கு முன்னால் போய் நின்றோம். பாட்டில் ராமக்காளுக்குப் பின்னால் தெரிந்தது, உன் பெயர் முன்பக்கத்தில் பெரிதாக இருந்தது. அத்தை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமக்காள் மரியாதையாகத்தான் கேட்டார். "யாரு செஞ்ச ஜாம் வேணுங்க?"

நாவல்பழ ஜாம் என்றார்கள். அது சரிங்க, யாரு செஞ்சது என்றார் மறுபடி. பாப்பிரெட்டிப்பட்டியில் செய்தது என்றார்கள். ராமக்காள் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே காத்திருந்தார். புளி போட்டது என்றார்கள். நான் பக்கத்தில் நின்று, சொல்லுங்க அத்தை, இங்கே யாரும் நம்ம ஊர் ஆள் இல்லை என்று காதோடு சொன்னேன். வாயைத் திறந்தார்கள். நான் பார்த்தேன், திறந்தார்கள். அப்புறம் சாமிக்கு இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

நான் நின்று உன் பெயரைச் சொன்னேன். உங்களுக்குக் கொடுக்கச் சொல்லவில்லையே என்று ராமக்காள் தயங்கினார். உன் பெயரை உரக்க இன்னொரு தடவை சொன்னேன். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும். பாட்டிலை என் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு என்ன, சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் பையைத் தானே திறந்து பாட்டிலை எடுத்தார்கள். வாளித் தண்ணீரில் போட்டு ஊறவைத்தார்கள். பேர் எழுதிய தாளை நகத்தால் சுரண்டி, ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் துடைத்தார்கள். அதன் பிறகு மூடியைத் திறந்து ஸ்பூன் கேட்டார்கள். இன்று இரண்டு தோசை இறங்கியது.

நீ கேட்கப் போவது இது இல்லை என்று தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன். என்ன குழந்தை என்று அத்தை கேட்கவில்லை. கனகாம்பரத்தைக் கட்டிக் கொடுக்கும்போது ராமக்காள் மனசு கேட்காமல், உங்க பொண்ணுக்கு என்று தானாகவே ஆரம்பித்தார். அத்தை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, பாப்பாரப்பட்டிக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார்கள்.

கோகிலா